நீல நூல் கட்டிய பழங்கள்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் ஏதாவது நல்லது நடந்திருந்தால் அது என் கோபத்தால்தான் நடந்தது. என் கணவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி கோபம் வரும் என்பதால் இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவைக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பழ ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறோம். அவர் ஸ்ட்ராபெரியில் புது ரகம் உருவாக்குகிறவர். ஒரு செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் எடுத்து இன்னொரு செடியின் பூவில் தடவுவார். அதில் வருகிற விதையை முளைக்கவைத்து, நூற்றுக்கணக்கான நாற்றுகளை வருஷக்கணக்காக வளர்த்து, ஒன்றிரண்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கிப் போடுவார். நான் ஆய்வுக்கூடத்தில். அவர் பார்த்துப் பார்த்து வளர்ப்பதை நான் நசுக்கிச் சாறு எடுத்து அளப்பேன். போன வருஷம்வரை ஒரு ஜாம் கம்பெனியில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். இந்த வருஷம்தான் பண்ணைக்கு வந்தேன். "வீட்டுலதான் நசுக்குறே, இங்கயுமா?" என்று முதல் நாளே கேட்டார். அன்றைக்கு அவருக்கு மதியச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

அவருடைய செல்லப்பிள்ளைக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாற்பத்தேழு. ஆறு வருஷ உழைப்பு. எந்த ரகமாக இருந்தாலும் தலைமை அலுவலகத்தின் சுவைக் குழு சாப்பிட்டுப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மூன்று வருஷம் வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் பாத்தியை உழுது வேறு ரகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நாற்பத்தேழு இரண்டு முறை தோற்றுவிட்டது. இரண்டு முறையும் பண்ணையிலிருந்து பழம் வேனில் போயிற்று. நசுங்கிவிடக்கூடாது என்று பாதி சிவந்ததுமே பறித்து அனுப்புவது வழக்கம். எல்லா ரகத்துக்கும் அதே வழக்கம்தான். மற்றவை ஓரளவு மதிப்பெண்ணோடு திரும்பின. நாற்பத்தேழு மட்டும் குட்டு வாங்கிக்கொண்டு வந்தது.

"தோட்டத்துல சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்வார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பெற்றவருக்குத் தன் பிள்ளை அழகாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வருஷம் அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, குழுவையே பண்ணைக்கு வரவழைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அன்றைக்குத் தோற்றால் சனிக்கிழமை டிராக்டர்.

ஸ்ட்ராபெரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் அண்ணன் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குப் புரியாது. மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற பொடிப் புள்ளிகளை நாம் விதை என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிப் பழம். நாம் ரசித்துச் சாப்பிடும் சதை, பூவின் அடிப்பாகம் வீங்கியது, அவ்வளவுதான். முதலில் பட்டாணி மாதிரி பச்சையாக, கல்லாக இருக்கும். புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சதை ஊத ஊத அவை விலகிப் போகும். அந்தப் புள்ளிகள் ஒரு ரசாயனத்தைச் சுரந்து, "வளரு, வளரு, ஆனா இப்ப பழுக்காதே" என்று சதைக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கின்றன. தாங்கள் முற்றியதும் உத்தரவை நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகு பச்சை வெளுத்து வெள்ளையாகும், வெள்ளையில் ஒரு கன்னம் சிவக்கும். உள்ளே செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை இளகி, கல் மெத்தென்று ஆகும். புளிப்பு இறங்கும், சர்க்கரை ஏறும், கடைசியில் மணம் வரும்.

இதில் முக்கியமானது, அந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பது. இலை செய்கிறது, காம்பு வழியாக வருகிறது. காம்பைக் கிள்ளிவிட்டால் வரத்து நின்றது. நிறம் மட்டும் அதற்குப் பிறகும் ஏறும். கிள்ளிப்போட்ட பழம் கூடையில் கிடந்தபடியே செக்கச்செவேல் என்று சிவந்து, பார்க்கிறவனை ஏமாற்றும்.

சர்க்கரை எப்படி ஏறுகிறது, எந்த நாளில் ஏறுகிறது என்று பார்க்கத்தான் நான் நாற்பத்தேழின் பாத்தியில் நீல நூல் கட்டினேன். ஒரே நாளில் விரிந்த பூக்களாகப் பார்த்து, காம்பில் நூலைச் சுற்றி, தேதி எழுதிய சின்னச் சீட்டைத் தொங்கவிட்டேன். நாலு நாளைக்கு ஒருமுறை ஆறு பழம் பறித்து அளப்பேன். முதலில் ஒரு கருவியால் குத்தி, எவ்வளவு கெட்டி என்று பார்ப்பேன். பிறகு புளிப்பு. கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டி கலந்த சாறு இளஞ்சிவப்பாக மாறும் நேரத்தைப் பிடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் இது குழந்தை விளையாட்டு. ஏற்கெனவே சிவந்திருக்கும் சாற்றில் இளஞ்சிவப்பைத் தேடுவது என் தலையெழுத்து. அதனால் அமில அளவைக் காட்டும் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். கடைசியில் சர்க்கரை. அதற்கு ஒரு சின்னக் குழல் இருக்கிறது. முனையில் உள்ள கண்ணாடியில் ஒரு துளி சாறு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை வைத்தால் உள்ளே கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். பத்தைத் தாண்டினால் கைதட்டலாம். எட்டு என்றால் பரவாயில்லை. ஆறு என்றால் ஜாம் போடும்போது மூட்டை மூட்டையாகச் சர்க்கரை கொட்ட வேண்டும்.

பூ விரிந்த இருபத்தேழாம் நாள், திங்கட்கிழமை. பழம் பாதி சிவந்திருந்தது. குழலில் கண்ணை வைத்தேன். ஆறு.

"என்ன வந்துச்சு?" என்று அவர் வாசலில் நின்று கேட்டார்.

"இன்னும் கணக்குப் போடலைங்க" என்றேன்.

பொய். குழலில் கணக்குப் போட ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும், அதனால் ஆய்வுக்கூடத்தில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இரண்டு முறை கழுவினேன்.

இனி அண்ணன். அவன் வாழைப்பழக் கிடங்கு வைத்திருக்கிறான். இருபது வருஷமாக வாழைக்காய் வாங்கிப் பழுக்கவைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவன். அந்த வாரம் கிடங்குக்குக் கதவு மாற்றி வெள்ளையடிக்கிறார்கள் என்று, பண்ணையை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தான். ஒரு தாரைத் தட்டிப் பார்த்து, "இது சனிக்கிழமை மத்தியானம் பழுக்கும்" என்பான். பழுக்கும். அந்த அளவுக்குக் கெட்டிக்காரன். அதுதான் பிரச்சினையே. வாழைக்காய் வயிறு நிறைய மாவோடு வருகிறது. மரத்தைவிட்டுப் பிரிந்த பிறகும் அந்த மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். ஸ்ட்ராபெரி வெறுங்கையோடு வரும். இது என் அண்ணனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

புதன்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தில் புளிப்பு அளக்கும் காரக் கரைசல் தீர்ந்துவிட்டது. ஒரு பாட்டில் கடன் கேட்டுப் பழைய ஜாம் கம்பெனிக்குப் போனேன். என் கணவர், வரப்போகும் சுவைக் குழுவுக்கு வேண்டிய தட்டுகள், நாற்காலிகள் வாங்கிவரப் போயிருந்தார். நாங்கள் திரும்பி வரும்போது நாலு மணி இருக்கும். பண்ணை வாசலில் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான், கல்யாண வீட்டில் பந்தியை முடித்துவிட்டு வந்தவன் மாதிரி.

"கவலையே படாதீங்க. எல்லாத்தையும் பத்திரப்படுத்திட்டேன்" என்றான்.

"எதை?" என்றேன்.

"பழத்தைத்தான்! மேகம் எப்படிக் கறுத்துச்சு தெரியுமா? ஆலங்கட்டி விழும்னு ரேடியோவுல சொன்னான். ஒத்தை ஆளா நின்னு பாத்தி பூரா பறிச்சுட்டேன். சேமிப்பு அறையில அடுக்கி, நடுநடுவுல நல்லாப் பழுத்த வாழைப்பழம் வச்சு, சாக்கு போட்டு மூடியிருக்கேன். வாழைப்பழத்துல இருந்து வர்ற வாயு இருக்கே, கல்லைக்கூடப் பழுக்க வச்சிரும். வெள்ளிக்கிழமை பாரு, சும்மா தகதகன்னு இருக்கும்."

நான் பாத்தியைப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வெறும் இலைகள். ஆலங்கட்டியும் விழவில்லை. நாலு துளி விழுந்தது, என் மூக்குக்கண்ணாடிகூட நனையவில்லை.

என் கணவர் கவிழ்த்துவைத்திருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "அவ்வளவையும் தனியாவா பறிச்சீங்க மச்சான்? இடுப்பு வலிக்கலையா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டால், வீட்டில் யாராவது ஒருவர் கோபப்பட்டுத்தானே ஆக வேண்டும்?

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று எதிர்பார்த்து அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். நான் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை. சின்ன வயதிலிருந்தே என் கத்தலை அவன் தாங்கிக்கொள்வான், மௌனத்தைத் தாங்க மாட்டான். இடையில் என் கணவர் தபால்காரர் ஆனார்.

"மாப்பிள்ளை, டீ வேணுமான்னு உங்க வீட்டம்மாவைக் கேளுங்க."

"ஏம்மா, டீ வேணுமான்னு உன் அண்ணன் கேக்கறார்."

"வேண்டாம்னு சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை காலை சேமிப்பு அறையைத் திறந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. அத்தனையும் சிவப்பு, அத்தனையும் பளபளப்பு. படம் எடுத்துக் காலண்டரில் போடலாம். "எப்படி?" என்று அவன் என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டான், ஆனால் குரல் என் பக்கம் வந்தது. நான் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். ஒன்றை நசுக்கித் துளி விட்டுப் பார்த்தேன். ஆறரை. இன்னொன்று. ஆறு. குழலை அவரிடம் கொடுத்தேன்.

"திங்கட்கிழமையும் ஆறுதான்" என்றேன். "உங்ககிட்ட மறைச்சேன்."

"தெரியும்" என்றார். குழலை மெதுவாக மேஜையில் வைத்தார். "தோட்டத்துல விட்டிருந்தா ஏறியிருக்கும்மா."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "ஆறு வருஷம்மா" என்று மட்டும் சொன்னார். இருந்த எரிச்சல் எல்லாம் ஒரு நொடியில் அண்ணன்மேல் திரும்பியது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அடைத்துவைத்திருந்தது வேறு.

நேராகப் போய் அவன் முன்னால் நின்றேன். "உன்னை யாரு பறிக்கச் சொன்னா? வாழைக்காயா அது? காம்பைக் கிள்ளினா கதை முடிஞ்சுதுடா! சிவந்தா போதுமா? உன்னைத்தான் கோபத்துல எத்தனையோ தடவை சிவக்க வச்சிருக்கேன், ஒரு தடவையாவது இனிச்சியா? சரி, அவரோட பழத்தைப் பறிச்சே, போகட்டும். நான் பூவுல இருந்து நூல் கட்டி, சீட்டு தொங்கவிட்டு, நாள் எண்ணிக்கிட்டிருந்தேனே, அதையுமா பறிப்பே?"

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தான். "எதை? நீல நூல் கட்டினதையா?"

"ஆமா!"

"ஐயோ, அதை எவன் தொடுவான்?" என்றான். "உன் பென்சிலைத் தொட்டதுக்கே என் கையைக் கடிச்சு வச்சவ நீ. இதோ பாரு, தழும்பு இன்னும் இருக்கு. நூலைப் பாத்ததுமே இது மிளகாவோட வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. இலையைக் கொண்டு மூடிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டேன்."

மிளகாய் என்பது நான்தான். அவன் வைத்த பெயர்.

"ஏன் நேத்தே சொல்லலை?"

"நீ எங்க பேசினே?"

நான் ஓடியதைப் பண்ணையில் இருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். செருப்பு ஒன்று பாதி வழியில் கழன்றுவிட்டது. பாத்தியில் மண்டியிட்டு இலைகளை விலக்கினேன். ஒன்று இருந்தது. அடுத்த செடியில் இரண்டு. என் கணவர் மறுபக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். எல்லாம் சேர்த்துப் பதினாலு. காம்பில் நீல நூல், கீழே தேதிச் சீட்டு, செடியில் தொங்கிக்கொண்டே முழுச் சிவப்பாக. அவர் சிரித்தபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண் விழுந்துவிட்டதாம்.

"இப்பவே பறிச்சு உள்ள வச்சிடலாமே" என்று பின்னாலிருந்து அண்ணன் தொடங்கினான்.

"தொட்டுப் பாரு!" என்றேன். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. செடியில் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் இலை எதையாவது அனுப்பிக்கொண்டிருக்கும். பறித்தால் நாளைக் காலையில்தான், முப்பத்தோராம் நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அண்ணன் பாத்தியோரம் முக்காலி போட்டு, குடையை விரித்துத் தனக்குப் பிடிக்காமல் செடிகளுக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தலையெல்லாம் பனி. பறவைகளை விரட்ட மடியில் ஒரு தட்டும் கரண்டியும் வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மன்னித்ததாக ஆகிவிடுமே என்று, "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு அது போதும். முகம் மலர்ந்துவிட்டது.

பதினாலையும் நானே பறித்தேன். ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் நசுக்கினேன். கோடு பத்தரையில் நின்றது. கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கழுவி, வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பூஜ்யம், சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி சாறு விட்டேன். பத்தரை. நாலே நாளில் ஆறிலிருந்து பத்தரை! புளிப்பு பாதியாக இறங்கியிருந்தது. அந்தச் சின்ன அறை முழுக்க மணம். ஜாம் கம்பெனியில் பீப்பாய் பீப்பாயாக ஸ்ட்ராபெரி பார்த்தவள் நான், இப்படி ஒரு மணத்தைப் பார்த்ததில்லை. நாற்பத்தேழு சோம்பேறிப் பிள்ளை, அவ்வளவுதான். மற்ற ரகங்கள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சேர்த்துக்கொள்கின்றன. இது எல்லாவற்றையும் கடைசி நாலு நாளில் சேர்க்கிறது. அந்த நாலு நாளுக்கு முன்பே பறித்து வேனில் ஏற்றினால் என்ன ஆகும்?

அவர் இரண்டு வருஷமாகச் சொன்னது உண்மை. வீட்டிலேயே சொன்னார், என்னிடமே சொன்னார்.

ஆனால் அவர் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். "இதை மட்டும் வைக்க முடியாதும்மா. பாத்தியோட பொதுவான அறுவடையைத்தான் வைக்கணும்னு விதி. பொறுக்கி எடுத்து வச்சா அது ஏமாத்து."

"அப்ப அந்தத் தண்ணிப் பழத்தை வச்சுத் தோத்துப் போலாம்னு சொல்றீங்களா?"

"விதி அதுதானே."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பழம் பழுக்கற கதை வேற, நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர்ற கதை வேறபோல" என்றான்.

"ரெண்டையும் வைப்போம்" என்றேன். "ரெண்டு தட்டு. எது எப்படிப் பறிச்சதுன்னு நான் சொல்றேன். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

சரியாகப் பத்துக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்று பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வாயில் பழத்தைப் போட்டுக்கொண்டு தலைவியின் முகத்தைப் பார்ப்பவர்கள். தலைவிக்குப் பண்ணையில் வைத்திருந்த பெயர் உப்புத்தாள். எதையும் தேய்த்துவிடுவார். எந்தப் பழத்தையும் ஒரு கடிக்குமேல் கடிக்காதவர். கையில் எப்போதும் ஒரு தடித்த நோட்டு, அதில் வருஷக்கணக்காக எல்லாப் பழங்களின் ஜாதகமும் அவர் கையெழுத்தில் இருக்கும்.

முதல் தட்டில் அண்ணனின் பழங்கள். தலைவி ஒன்றை எடுத்தார், கடித்தார், வைத்தார், எழுதினார். மற்ற மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டை நான் நகர்த்தினேன். ஆளுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு பழம், நூலும் சீட்டும் அப்படியே.

தலைவி கடித்தார். நிறுத்தினார். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்றை எடுத்தார். மற்ற மூவருக்கும் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இது வேற ரகமா?" என்று கேட்டார்.

"ஒரே ரகம். ஒரே பாத்தி. ஒரே செடியிலகூட ரெண்டும் இருந்துச்சு" என்றேன். "அது புதன்கிழமை பறிச்சது. இது இன்னிக்குக் காலையில."

"நல்லதாப் பாத்துப் பொறுக்கி வச்சிருக்கீங்க." குரலில் உப்புத்தாள் உரசியது.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "சீட்டைப் படிச்சுப் பாருங்கம்மா. அது பறிச்ச தேதி இல்லை, பூ விரிஞ்ச தேதி. நூலை நான் பூவுலதான் கட்டினேன். எது இனிக்கும்னு பூவைப் பாத்துச் சொல்ற வித்தை தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க உக்காந்து நசுக்கிக்கிட்டிருக்கேன்?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி சீட்டைப் படித்தார். என் வரைபடத்தை நீட்டினேன். தரையோடு தரையாக வந்த கோடு கடைசியில் செங்குத்தாக ஏறி நின்றது. அதைப் பார்த்துவிட்டு, முதல் தட்டைப் பார்த்தார்.

"இதை யாரு இவ்வளவு சீக்கிரம் பறிச்சது?"

கதவோரம் நின்ற அண்ணன் கையைத் தூக்கினான், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. "நான்தாங்க. வாழைப்பழம் வச்சா பழுத்துடும்னு நினைச்சேன். நிறம் வந்துச்சு. மத்தது வரலை."

தலைவி சிரிக்கவில்லை. நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். இன்னும் புரட்டி இன்னொரு பக்கத்தில் நின்றார். பிறகு சற்று முன் எழுதிய பக்கத்துக்கு வந்தார். நோட்டை என் கணவர் பக்கம் திருப்பி, மூன்று இடங்களையும் விரலால் காட்டினார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்: நிறம் அருமை, புளிப்பு, மணமில்லை. போன வருஷம்: நிறம் அருமை, புளிப்பு, மணமில்லை. இன்றைக்கு முதல் தட்டு: நிறம் அருமை, புளிப்பு, மணமில்லை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"எங்களுக்குப் பழம் வேன்லதானே வந்துச்சு?" என்றார். "பாதி சிவந்ததும் பறிச்சு?"

"ஆமாங்கம்மா" என்றார் அவர்.

தலைவி பேனாவை எடுத்தார். பழைய இரண்டு குறிப்புகளின் மேலும் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "இது பழத்துக்குப் போட்ட மார்க் இல்லை, வேனுக்குப் போட்ட மார்க்" என்றார். "ரெண்டு வருஷம் உங்க பழத்தை நாங்க சாப்பிடவே இல்லை. பாத்தி இருக்கட்டும். பேர் வைக்க யோசிங்க." மூன்றாவது பழத்தையும் எடுத்துக்கொண்டுதான் எழுந்தார். போகிற வழியில் அண்ணன் முன்னால் நின்றார். "நீங்க அவசரப்பட்டுப் பறிக்கலைன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. ஆனா இனிமே செய்யாதீங்க."

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றுவரை அந்த முதல் வாக்கியத்தை மட்டும்தான் எல்லோரிடமும் சொல்கிறான்.

எல்லோரும் போன பிறகு மேஜையில் ஒரே ஒரு பழம் இருந்தது. பதினாலாவது. முறைப்படி ஆறு பழம் அளந்தால்தான் என் வரைபடத்தின் கடைசிப் புள்ளி செல்லும். இருந்ததே இரண்டுதான், ஒன்றை ஏற்கெனவே நசுக்கிவிட்டேன். இதையும் நசுக்கலாம் என்றுதான் எடுத்துவைத்திருந்தேன். நூலை அவிழ்த்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"உன் கணக்கு?" என்றார்.

"அடுத்த பூவுல பாத்துக்கறேன். சாப்பிடுங்க." நூலை விரலில் சுற்றிக்கொண்டேன். "தோட்டத்துல நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நான்கூட நம்பலை. தப்புதாங்க."

அவர் பழத்தைப் பாதி கடித்து, மீதிப் பாதியை என் கையில் வைத்தார். இத்தனை நாளாக நசுக்கியிருக்கிறேனே தவிர நாற்பத்தேழை ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாயில் போட்டேன். பத்தரை என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. எனக்கே அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் பாத்தியில் புதிதாக விரிந்திருந்த பூக்களுக்கு நீல நூல் கட்டினேன். அவர் சீட்டில் தேதி எழுதித் தந்தார். இந்த முறை ஆறு ஆறாக, கடைசி நாள்வரைக்கும் சரியாக வருகிற மாதிரி எண்ணிக் கட்டினேன். அண்ணன் வரப்பில் நின்று, சாக்கில் மிச்சமிருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். பாத்தியிலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றான், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"கிட்ட வாடா" என்றேன். "வந்து இந்த நூலைப் பிடி."

"கடிக்க மாட்டியே?" என்று கேட்டுவிட்டு வந்தான்.